கோப்பில் கையெழுத்திடுபவர் யார்?
அரசு ஊழியர் நடத்தை விதிகளும் தலித் மக்களும்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அவர் பிறந்த கோழியாளம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் செவ்வாப்பேட்டையும் அந்த மாவட்டத்து மண்தான். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். எனவே இன்று பேசப்போவது வெளியூர்க் கதையல்ல.

சீனிவாசனைப் பற்றிப் பேசுவோர் 'பறையன்' இதழையும் வட்டமேசை மாநாட்டையும் சொல்வார்கள். நான் அவருடைய 1893ஆம் ஆண்டு மனுவிலிருந்து தொடங்குகிறேன். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரிவந்த காலம் அது. சீனிவாசன் அதை எதிர்த்து, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். இதைப் பலர் வெள்ளைக்கார விசுவாசம் என்று சொல்லிக் கடந்துபோகிறார்கள். மனுவுக்குப் பின்னால் இருந்த கேள்வி வேறு: நம்மை ஒடுக்குகிறவர் வீட்டுப் பிள்ளையே நம் மனுவின் மீது முடிவெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால், நமக்கு என்ன பாதுகாப்பு?

இன்றைய நிர்வாகச் சொல்லகராதியில் இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் இருக்கிறது: நலன் முரண். ஓர் அதிகாரியின் பொதுக் கடமையும் அவருடைய சொந்த நலனும் ஒரே கோப்பில் மோதிக்கொள்வது. அந்த மோதலை நம் சட்டங்கள் எங்கே பார்க்கின்றன, எங்கே பார்க்க மறுக்கின்றன என்பதே இன்றைய பேச்சு.

1. தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

முதலில் ஒரு வழக்கு. 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கிரைபாக் வழக்கு. ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு உறுப்பினர்களில் ஒருவரான தலைமை வனப் பாதுகாவலர், அதே பணிக்கான விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் வந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வுப் பட்டியலை நீதிமன்றம் ரத்துசெய்தது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, அவர் உண்மையிலேயே பாரபட்சம் காட்டினார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை; பாரபட்சத்துக்கு நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும். இரண்டு, இது நீதிமன்றத்துக்கு மட்டுமான நெறி அல்ல; குடிமக்களின் உரிமையைத் தொடும் நிர்வாக முடிவுகளுக்கும் பொருந்தும். தாசில்தார் அலுவலகத்தில் நிற்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. விதிகள் எதைப் பார்க்கின்றன?

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு விதிகள். பரிசு வாங்குவது, சொத்து வாங்கி விற்பது, தனித்தொழில் செய்வது, கட்சி அரசியலில் ஈடுபடுவது, பத்திரிகைக்கு எழுதுவது என்று ஊழியரின் வாழ்க்கையில் பல இடங்களில் இவை கைவைக்கின்றன.

நலன் முரண் பற்றி மத்திய விதி தெளிவாகப் பேசுகிறது. ஓர் ஊழியரின் குடும்பத்தார் வேலை பார்க்கும் நிறுவனம் சம்பந்தப்பட்ட கோப்பு, அவரோ குடும்பத்தாரோ அக்கறை கொண்ட ஒப்பந்தம், இவை மேசைக்கு வந்தால் அவர் முடிவெடுக்கக் கூடாது; மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். 2014இல் சேர்க்கப்பட்ட திருத்தம் இன்னும் ஒரு படி போகிறது. பொதுக் கடமையோடு தொடர்புள்ள தனிப்பட்ட நலன்களை ஊழியர் தாமே வெளிப்படுத்த வேண்டும். முடிவுகளைத் தகுதி பார்த்து மட்டுமே எடுக்க வேண்டும். பொதுமக்களுக்கு, குறிப்பாக நலிந்த பிரிவினருக்குச் செவிசாய்க்க வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி வகுத்தவரின் கண்ணில் நலன் என்றால் பணம், பங்கு, ஒப்பந்தம், மகன், மருமகன். மைத்துனரின் கம்பெனிக்கு டெண்டர் கொடுத்தால் அது நலன் முரண். மைத்துனர் வளைத்துப்போட்டிருக்கும் பஞ்சமி நிலத்தைப் பற்றிய மனுவை விசாரித்தால்? விதியின் எழுத்துப்படி அதுவும் நலன் முரண்தான். நடைமுறையில் அப்படி யாரும் கேட்பதில்லை. அந்த நிலம் மைத்துனரிடம் இல்லாமல், ஊரில் தன் சாதியின் ஆதிக்கத்துக்கு அடிப்படையாக இருக்கும் குடும்பத்திடம் இருந்தால், விதிக்கு அது கண்ணிலேயே படாது.

3. செங்கல்பட்டின் கதை

இது கற்பனைக் கேள்வி அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். நிலத்தில் உழைப்பவருக்கு நிலம் இல்லை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருக்கிறது. தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்பதை அவர் பதிவுசெய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வேர். நிபந்தனையும் தெளிவானது: முதல் பத்தாண்டு விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தெளிவான ஆணை இருந்தும் நிலம் எப்படிக் கைமாறியது? ஆணையைக் காக்க வேண்டிய பதிவேடு யார் கையில் இருந்தது என்று பாருங்கள். கணக்குப்பிள்ளை வேலையும் மணியக்காரர் வேலையும் பரம்பரைப் பதவிகள். 1895ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் அந்தப் பரம்பரை உரிமைக்குச் சட்ட வடிவமே கொடுத்திருந்தது. கிராமத்தில் நிலம் வைத்திருந்த சாதிகளே கிராமத்தின் கணக்கையும் வைத்திருந்தன. நிலத்தை வளைப்பவரும், வளைக்கவில்லை என்று எழுதுபவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கிரைபாக் வழக்கின் அதிகாரியாவது தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போனார். நம் கணக்குப்பிள்ளை எழுந்திருக்கவே இல்லை.

பரம்பரை உரிமை அரசமைப்புக்கு விரோதமானது என்று 1960இல் தசரத ராமராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அதன் பிறகுதான் வந்தார். நம் பிள்ளைகள் பலர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்ததற்கு அந்த மாற்றமே காரணம். ஆனால் பழைய கணக்கில் ஏறிய பொய், புதிய கணக்கிலும் தொடர்ந்தது. 1980களின் யு.டி.ஆர். பதிவின்போது டி.சி. நிலம் என்ற குறிப்பு பல ஊர்களில் காணாமல் போனதை, பழைய 'அ' பதிவேட்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்த எந்தச் செயற்பாட்டாளரும் அறிவார். 1994 அக்டோபரில் காரணை நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஒரு பதிவேட்டுக் குறிப்பின் விலை அது.

4. அப்படியானால் தலித் அதிகாரி?

இங்கே ஒரு மறுப்பு எழும். மாணவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். "சாதியை நலன் என்று எடுத்துக்கொண்டால், தலித் அதிகாரி தலித் மக்களின் கோப்பைப் பார்க்கக் கூடாது என்றாகாதா?"

ஆகாது. நலன் முரண் என்பது பிறப்பைப் பற்றியதல்ல. முடிவில் ஒருவருக்கு இருக்கும் பங்கைப் பற்றியது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆதிக்க சாதி அதிகாரி, இந்த ஊர் நிலத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர், நேர்மையாக முடிவெடுக்கலாம், எடுத்தவர்களும் உண்டு. அதே சமயம், தலித் அதிகாரி ஒருவரின் அண்ணனே எதிர்மனுதாரர் என்றால் அவர் விலகத்தான் வேண்டும். நாம் கேட்க வேண்டியவை திட்டவட்டமானவை. அந்தக் கிராமத்தில் இவருக்கு நிலம் உண்டா? உறவு உண்டா? குற்றம் சாட்டப்பட்டவரோடு கோயில் நிர்வாகம், சாதிச் சங்கம், வட்டித்தொழில் ஆகியவற்றில் கூட்டு உண்டா? இவற்றுக்குப் பதில் சொல்லும் கடமை எந்தச் சாதி ஊழியருக்கும் உண்டு.

5. செய்ததும் செய்யாமல் விட்டதும்

நலன் முரண் எப்போதும் கையெழுத்தாக வெளிப்படாது. நமக்கு எதிராகப் பெரும்பாலும் அது கையெழுத்துப் போடாமல் இருப்பதாகவே வெளிப்படும். எஃப்.ஐ.ஆர். பதிவாகாது, கோப்பு நகராது.

இதை 1930லேயே கண்டவர்கள் அம்பேத்கரும் சீனிவாசனும். வட்டமேசை மாநாட்டில் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில், அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் ஒரு நிபந்தனை. பாதகமான நடவடிக்கைக்கும், நலன்கள் புறக்கணிக்கப்படுவதற்கும் எதிரான நிவாரணம் இன்னொரு நிபந்தனை. தீங்கு செய்வதையும் புறக்கணிப்பதையும் அவர்கள் ஒரே தட்டில் வைத்தார்கள்.

இந்தச் சிந்தனை மெதுவாகச் சட்டமானது. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் இன்றைய வடிவில், வேண்டுமென்றே விசாரணையைப் புறக்கணிக்கும் பொது ஊழியர் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுகிறார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கடமைகளைப் பட்டியலிட்டது: வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக்காட்டுவது, வழக்குப் பதிவது, நகல் கொடுப்பது, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது. 1995ஆம் ஆண்டு விதிகளின் 13ஆம் விதி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் தலித் மக்களின் பிரச்சினையைப் புரிந்துகொள்ளும் மனப்பாங்கு உள்ளவர்களையே பணியமர்த்த வேண்டும் என்கிறது. நலன் முரணை முன்கூட்டியே தடுக்கும் விதி இதுதான். இதை எடுத்துவைத்து நாம் பேசியது குறைவு.

4ஆம் பிரிவில் ஒரு பூட்டும் இருக்கிறது. நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் குற்றச்சாட்டைப் பதிய முடியும். அதாவது, ஊழியர் புறக்கணித்தாரா என்பதை அவருடைய துறையே முதலில் சொல்ல வேண்டும். நலன் முரணுக்கு எதிரான சட்டத்துக்குள்ளேயே ஒரு நலன் முரண்.

நம் பக்கத்து கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் ஆத்துப்பாக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவரான தலித் பெண் கொடியேற்ற முடியாமல் போனது. செய்தி வெளியே வந்த பிறகு, சில நாட்களில் ஆட்சியரின் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். தேர்தலில் வென்ற தலைவரின் உரிமை, பத்திரிகைச் செய்தியும் ஆட்சியரின் வருகையும் இல்லாமல் நிலைக்கவில்லை என்பதே அதன் பாடம்.

6. அதே விதியின் மறுமுனை

நடத்தை விதிகள் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நம் ஊழியர்களின் வாயை அடைக்க அவை சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன. அரசை விமர்சிக்கத் தடை, அரசியல் அமைப்பில் சேரத் தடை, அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதத் தடை. கான்ஷிராம் 1978இல் பாம்செஃப்பை உருவாக்கியபோது, அரசியல் சாராத, போராட்டத்தில் இறங்காத ஊழியர் அமைப்பாக அதை வடிவமைக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இலக்கியத்துக்கு விலக்கு உண்டு; ஆனால் 'முற்றிலும்' இலக்கியத் தன்மை கொண்ட எழுத்துக்கு. இங்கேதான் நம் எழுத்தாளர்களுக்குச் சிக்கல். நிலாவைப் பற்றி எழுதினால் முற்றிலும் இலக்கியம். தன் அலுவலகத்தில் தனியாக வைக்கப்பட்ட டம்ளரைப் பற்றிக் கதை எழுதினால்? அதை இலக்கியமா, அரசு மீதான விமர்சனமா என்று தீர்மானிப்பவர், அந்த டம்ளரைத் தனியாக வைத்த அலுவலகத்தின் தலைவராகவே இருக்கலாம். எல்லா ஆர்ப்பாட்டங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்த பீகார் விதியை 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு ஊழியரானதால் ஒருவர் குடிமகன் அல்லாதவர் ஆகிவிடுவதில்லை என்பது அதன் சாரம். நம் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

7. அரசே ஒரு தரப்பாகும்போது

கடைசியாக ஒரு கடினமான இடம். கும்மிடிப்பூண்டி வட்டத்தின் தேர்வாய்கண்டிகையில், தலித் மக்கள் பெருவாரியாக வாழும் ஊரின் மேய்ச்சல் நிலம், ஆயிரம் ஏக்கருக்கு மேல், சிப்காட்டுக்குப் போனது; பிரெஞ்சு நிறுவனமான மிஷலின் டயர் ஆலை அங்கே வந்தது. மக்கள் பல வகையில் எதிர்த்தார்கள். புகார் பிரான்ஸ் வரை போனது. நிலம் அரசின் கணக்கில். வகைமாற்றம் செய்வது அரசு. பெற்றுக்கொள்வது அரசு நிறுவனம். மக்களின் ஆட்சேபணையைக் கேட்பதும் அரசு. இங்கே எந்தத் தனி அதிகாரியும் லஞ்சம் வாங்க வேண்டியதில்லை, யாருடைய மைத்துனரும் தேவையில்லை. நடத்தை விதிகள் தனி ஊழியரின் நேர்மையை மட்டுமே பார்க்கின்றன. நிறுவனமே தன் வழக்குக்கு நீதிபதியாக உட்காரும்போது அவற்றிடம் சொல் இல்லை.

8. நாம் செய்ய வேண்டியவை

மனு கொடுக்கும்போதே, விசாரிக்கும் அலுவலருக்கு அந்தக் கிராமத்தில் நிலமோ உறவோ இல்லை என்று எழுத்தில் பதிவுசெய்யக் கோருங்கள். இருப்பது தெரிந்தால் வேறு அலுவலர் வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதுங்கள். கிரைபாக் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வன்கொடுமைப் புகாரில் நகல் தர மறுத்தால், மறுத்த நாளையும் நேரத்தையும் குறித்துப் பதிவுத் தபாலில் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். 4ஆம் பிரிவுக்கு அதுவே முதல் சாட்சியம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டம் எப்போது நடந்தது, 13ஆம் விதி எப்படி நடைமுறையாகிறது என்று கேளுங்கள். தேசிய ஆணையத்துக்கு அரசமைப்பின் 338ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் கொடுத்திருப்பதைப் பயன்படுத்துங்கள்.

அரசுப் பணியில் இருக்கும் நம் தோழர்களுக்கும் ஒரு சொல். இட ஒதுக்கீட்டால் கிடைத்த நாற்காலி, சீனிவாசனும் அம்பேத்கரும் வட்டமேசையில் கேட்டு வாங்கத் தொடங்கிய நாற்காலி. அதில் உட்கார்ந்து நம் மக்களின் கோப்பை நியாயமாக நகர்த்துவது சலுகை அல்ல, கடமை. அதற்காக யாராவது உங்களைப் பாரபட்சக்காரர் என்றால், இந்தக் கோப்பில் எனக்கு என்ன பங்கு என்று கேளுங்கள். அதே கேள்வியை அவர்களிடமும் கேளுங்கள்.

ஜெய் பீம்.