தோலும் கித்தானும் தைக்க எந்த இயந்திரம் வாங்கலாம்?

சட்டையும் பாவாடையும் தைத்து வீட்டுச் செலவுக்கு நாலு காசு பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் பட்டணத்தில் ஆயத்த ஆடைகள் மலிந்துவிட்ட இந்நாளில் அந்த வேலை குறைந்து வருகிறது. மோட்டார் சைக்கிள் இருக்கை உறை, லோரிக்கு மூடுகித்தான், செம்பனை அரிவாளுக்குத் தோல் உறை, வார் அறுந்த பள்ளிப் பை போன்றவற்றைத் தைத்துத் தருபவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இத்தொழிலில் இறங்க எண்ணுவோர், சேமநிதிப் பணத்தையோ கூட்டுப் பணத்தையோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகுமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது சில ஆயிரம் வெள்ளி போடும் காரியமாயிற்றே!

'ஹெவி டியூட்டி' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கள் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் அப்படி நம்பி ஓர் இயந்திரம் வாங்கினார். ஜீன்ஸ் துணியை அது அழகாகத் தைத்தது. கித்தானை நாலு மடிப்பாக வைத்ததும் தையல் விட்டுவிட்டு விழுந்தது, ஊசியும் ஒடிந்தது. மாதத் தவணையோ நிற்கவில்லை. மோட்டார் சக்தி போதவில்லை என்றுதான் அவர் நினைத்தார். குறை இருந்தது வேறிடத்தில்.

சாதாரண இயந்திரத்தில் துணியை நகர்த்துபவை அடியில் இருக்கும் பற்கள் மட்டுமே. மேலே உள்ள பாதம் அழுத்திக்கொண்டு நிற்குமே தவிர நகராது. கனமான துணியை வைத்தால் அடி மடிப்பு முன்னே போகும், மேல் மடிப்பு பின்தங்கும். தோலோ பாதத்திலேயே ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். ஆகவே பல், பாதம், ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்து நடக்கும் இயந்திரமே நமக்கு வேண்டியது. 'வாக்கிங் ஃபூட்' என்று கடைக்காரர் சொன்னால், "ஊசியும் கூடவே முன்னே நகருமா?" என்று கேளுங்கள். ஜூக்கி டி.என்.யு. 1541, கான்சியூ 206 ஆர்.பி., பழைய சிங்கர் 111 டபிள்யூ 155 ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் சிங்கர் 29கே வேறு வகை. அதன் பாதம் எந்தப் பக்கமும் திரும்பும். பழுது பார்க்க அருமையானது. ஆனால் பாபின் சிறியது. பை பையாகத் தைத்து விற்க அது சரிப்படாது.

கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் தைக்கப்போகும் அதே தோலையும் கித்தானையும் கொண்டுபோங்கள். ஓர் அடி நீளத்தில் இரண்டு கித்தான் துண்டுகளைச் சரிசமமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கையால் இழுக்காமல் தைக்கச் சொல்லுங்கள். கடைசியில் மேல் துண்டு நீண்டு நின்றால் அந்த இயந்திரம் வேண்டாம். பிறகு இரண்டு மடிப்பிலிருந்து ஆறு மடிப்பின் மேல் ஏறி இறங்கித் தைக்கட்டும். மேடேறும் இடத்தில் தையல் குறுகினாலும் விடுபட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

மூடிய தொழிற்சாலைகளிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் விலை குறைவாகக் கிடைக்கும். நல்ல சரக்கும் அவற்றில் உண்டு. ஆனால் மோட்டாரைக் கவனியுங்கள். சில மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. நம் வீட்டு 230 வோல்ட் இணைப்பில் ஓடா. பழைய 'கிளச்' மோட்டார் மிதிக்காத போதும் இரைந்துகொண்டே இருக்கும், மிதித்தால் பாயும். 'செர்வோ' மோட்டார் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். தோலில் தவறாக விழுந்த ஊசித்துளை மறையாதாகையால், புதிதாகப் பழகுபவருக்கு மெதுவாக ஓடுவதே முக்கியம்.

ஊசியிலும் வேறுபாடு உண்டு. தோல் ஊசியின் முனை கத்திபோல் வெட்டும். அதைக் கித்தானில் போட்டால் இழைகள் அறுபடும். கித்தானுக்கு உருண்டை முனை ஊசியே ஏற்றது. 110/18 என்றிருந்தால் ஊசியின் தடிப்பு 1.10 மில்லிமீட்டர் என்று பொருள். டெக்ஸ் 70 நூலுக்கு அது போதும். பை வார் தைக்கும் டெக்ஸ் 135 நூலுக்கு 140/22 வேண்டும். வெயிலில் கிடக்கும் மூடுகித்தானுக்கு நைலான் நூலைவிட பாலியெஸ்டர் நூல் நெடுநாள் உழைக்கும். தோலில் தையலை மிக நெருக்கமாகப் போடாதீர்கள், தபால்தலை கிழிவதுபோல் துளை வழியே கிழிந்துவிடும்.

பணம் கட்டுமுன் நூல் கோக்கவும் பாபின் மாற்றவும் அங்கேயே உட்கார்ந்து நீங்களே செய்து பாருங்கள். பழுதானால் தோட்டத்துக்கு ஆள் வருவாரா, இயந்திரத்தை நாம்தான் சுமக்க வேண்டுமா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். தையல் இயந்திர எண்ணெய் ஒரு போத்தலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றினால், அது சில மாதங்களில் பிசினாகி இயந்திரத்தை இறுக்கிவிடும்.