ஒளிக்கு ஒரு வெற்றுக் குழல்

பழனி மலைமேல் பள்ளங்கி போன்ற சிற்றூர்களின் தோட்டங்களில் உழைப்போர் மீது, சமவெளியில் இருப்போரைவிட மிகுதியான புறஊதாக் கதிர் விழுகின்றது. உயரம் 1000 மீட்டர் கூடுந்தோறும் அக்கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பது அறிவியலார் கணக்கு. தோலைக் கருக்கும் அக்கதிரையே லேசராகச் செறிவித்து, வேண்டிய இடத்திற்குச் சிதையாமல் கொண்டுசெல்வது எங்ஙனம்?

ஒளிவிலகலின் விதியைப் பாக்தாத் அறிஞர் இப்னு ஸஹ்ல் 984-ஆம் ஆண்டளவிலேயே கண்டுரைத்தார். அவ்விதியிலிருந்து கிளைப்பதே முழு அகப் பிரதிபலிப்பு. அடர்ந்த கண்ணாடிக்குள் புகுந்த ஒளி, சாய்வாகச் சுவரைத் தொடும்போது வெளியேறாமல் உள்ளுக்கே திரும்பும். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் இணைந்து, கண்ணாடி இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டியது 1954-இல்.

ஆயின் புறஊதாக் கதிருக்கு இவ்வழி உதவுவதில்லை. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளித்துகளைக் காட்டிலும் 355 நானோமீட்டர் ஒளித்துகள் மும்மடங்கு ஆற்றல் உடையது. அது கண்ணாடியின் அணுப்பிணைப்புகளைக் குலைக்கின்றது. குலைந்த இடங்கள் ஒளியை உறிஞ்சுகின்றன. இழை நாளடைவில் தான் கடத்தவேண்டிய ஒளியைத் தானே விழுங்குகின்றது. ஆகவேதான் இத்தகைய லேசர்களைப் பெரும்பாலும் ஆடிகளின் துணைகொண்டே செலுத்துகின்றனர்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1960-இல் நிறுவப்பட்ட சுரங்கத் தொலைநோக்கியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆடிகள் கதிரவன் ஒளியை 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தினுள் திருப்புகின்றன. வில்லை அதனைக் குவிக்க, ஒளி காற்றினூடே சென்று 34 செ.மீ. பிம்பமாகின்றது. ஒளியின் பாதை வெற்றிடமாயின் பாதைக்குச் சேதமில்லை.

அச்சுரங்கத்தை மயிரிழை அளவிற்குச் சுருக்கி, வளையவும் செய்தால் அதுவே உள்ளீடற்ற ஒளியிழை. ஆனால் இங்கே காற்று உள்ளே, கண்ணாடி வெளியே; முழு அகப் பிரதிபலிப்பு நிகழாது. எனவே நடுத்துளையைச் சுற்றி மிக மெல்லிய கண்ணாடிச் சுவர்களை அமைக்கின்றனர். சோப்புக் குமிழியின் படலம் சில வண்ணங்களை மட்டும் திருப்புவதுபோல, தடிமன் சரியாக அமைந்த சுவர் குறித்த அலைநீளத்தை உள்ளுக்கே திருப்புகின்றது. ஃபிலிப் ரஸ்ஸல் குழுவினர் ஒளிப்படிக அமைப்பில் உள்ளீடற்ற இழையை 1999-இல் செய்துகாட்டினர். 2014-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 280 நானோமீட்டர் கதிரை இழைக்குச் சேதமின்றிக் கடத்தினர்.

இடர்கள் ஒழிந்தனவல்ல. அலைநீளம் குறையக் குறையச் சுவரும் மெலிய வேண்டும். அதன் சிறு ஏற்றத்தாழ்வும் ஒளியைக் கசியவிடும். நுழைவாயிலில் கற்றை சற்றே விலகினும் அதன் வலிமை சுவரில் பாய்ந்து இழையை எரிக்கக்கூடும். வலிய ஒளிக்கு வழியமைப்போர் முதலில் பேணவேண்டியது அதன் வாயிலையே என நாம் அறிகின்றோம்.