ஃபோல்டர் மாறினால் அமைப்பும் மாறட்டும்

ஒரே கணினியில் இரண்டு தரவுத்தளங்கள். ஒன்று சோதனைக்கானது, அதில் எதை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொன்றில் வாடிக்கையாளர்களின் உண்மையான கணக்குகள் இருக்கின்றன. எல்லா அட்டவணைகளையும் காலி செய்யும் கட்டளை இரண்டுக்கும் ஒன்றேதான். அது எந்தத் தரவுத்தளத்தைப் போய்த் தாக்கும் என்பது பல ப்ராஜெக்ட்களில் ஒரே ஒரு சூழல் மாறியைப் பொறுத்தது. டெர்மினல் திரையில் அந்த மாறி கண்ணுக்குத் தெரியாது. காலையில் ஒரு வேலைக்காக அதை மாற்றிவிட்டு, மதியம் அதே ஜன்னலில் வேறு ஃபோல்டருக்குப் போய் வேலை பார்ப்பவர், பழைய மதிப்பையும் கூடவே சுமந்துகொண்டு போகிறார்.

சூழல் மாறி என்பது ஒரு பெயரும் அதற்கொரு மதிப்பும், அவ்வளவுதான். பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லோடு சேர்ந்து இந்த ஏற்பாடு வந்தது. இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் அதே முறைதான். 'பைத்தான்' என்று தட்டினால் அந்த நிரலை எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை 'பாத்' என்ற மாறி சொல்கிறது. 'டிஇசட்' நேர மண்டலத்தைச் சொல்கிறது.

இதில் அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தொடங்கும்போது, தன்னிடமுள்ள மாறிகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதுபோல் பிரதியாகவே தருகிறது. புதிய நிரல் தன் பிரதியில் என்ன திருத்தினாலும் பழைய நிரலின் மூலத்தில் எதுவும் மாறாது. மாறிகளை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி ஓடவிட்டு, ஷெல்லில் வந்து பார்த்தால் எதுவுமே இல்லையே என்று புதிதாகக் கற்பவர்கள் திகைப்பது இதனால்தான். அந்த ஸ்கிரிப்ட் தனி நிரலாக ஓடி முடிந்ததும் அதன் பிரதியும் போய்விட்டது. ஷெல்லே அந்த வரிகளைப் படித்துச் செயல்படுத்த வேண்டுமானால் 'சோர்ஸ்' கட்டளை வேண்டும்.

பலர் எல்லா மாறிகளையும் ஷெல் தொடங்கும்போது படிக்கும் '.பாஷ்ஆர்சி' கோப்பில் கொட்டி வைக்கிறார்கள். தவறான இடம் அது. ஒரு ப்ராஜெக்டின் ரகசியச் சாவி, அந்த ஷெல்லில் தொடங்கும் எல்லா நிரல்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ப்ராஜெக்டுக்கு உரியது அந்த ப்ராஜெக்டின் ஃபோல்டரிலேயே இருப்பதுதான் முறை.

அதற்காகவே வந்த கருவி 'டைர்என்வ்'. அது வேலை செய்யும் விதம் அழகானது. நீங்கள் ஒவ்வொரு கட்டளையையும் முடித்ததும், அடுத்த வரிக்கான ப்ராம்ப்ட் தோன்றுவதற்கு முன் ஷெல் இதை அழைக்கிறது. இருக்கும் ஃபோல்டரில், இல்லையென்றால் அதற்கு மேலுள்ள ஃபோல்டர்களில் '.என்வ்ஆர்சி' என்ற கோப்பு இருக்கிறதா என்று இது தேடுகிறது. கிடைத்தால், தனியாக ஒரு பாஷ் ஷெல்லில் அதை ஓட்டி, முன்னும் பின்னும் மாறிகளில் என்ன வித்தியாசம் என்று கணக்கிடுகிறது. பிரதி விதி இதையும் கட்டுப்படுத்துவதால், உங்கள் ஷெல்லின் மாறிகளில் இது நேரடியாகக் கைவைக்க முடியாது. எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று கட்டளைகளாக எழுதித் தருகிறது. ஷெல் அவற்றைப் படித்து நிறைவேற்றுகிறது. ஃபோல்டரை விட்டு வெளியே வந்தால் பழைய மதிப்புகள் தானாகத் திரும்பிவிடும். மறதிக்கு அங்கே வேலையில்லை.

ஆனால் '.என்வ்ஆர்சி' ஒரு முழுமையான பாஷ் ஸ்கிரிப்ட். முகம் தெரியாத ஒருவரின் ப்ராஜெக்டை இறக்கி, அந்த ஃபோல்டருக்குள் நுழைந்த மாத்திரத்தில் அவர் எழுதியதெல்லாம் உங்கள் கணினியில் ஓடினால் என்னாவது? அதனால் 'டைர்என்வ் அலவ்' என்று நீங்கள் சொல்லாதவரை கோப்பு ஓடாது. அனுமதி கொடுக்கும்போது, கோப்பின் இடத்தையும் உள்ளடக்கத்தையும் சேர்த்து ஒரு ஹாஷ் மதிப்பாக்கிக் குறித்துக்கொள்கிறது. பிறகு யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் அனுமதி ரத்து. இந்தக் கருவியின் ஆகச் சிறந்த அம்சம் இதுவே என்பேன். இந்த எச்சரிக்கை தேவையற்ற பயமல்ல: 2014 செப்டம்பரில் வெளியான 'ஷெல்ஷாக்' ஓட்டை, சூழல் மாறியின் மதிப்புக்குள் ஒளித்து வைத்த கட்டளைகளை பாஷ் தானாகவே ஓட்டிவிடும் என்று காட்டியது.

பெயரில் '.என்வ்ஆர்சி' போலத் தோன்றும் '.என்வ்' கோப்பு வேறு. அது பெயர், மதிப்புகளின் வெறும் பட்டியல்; பெரும்பாலும் ஷெல் அல்ல, செயலியே அதைப் படித்துக்கொள்ளும். ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் 2011இல் எழுதிய 'ட்வெல்வ் ஃபேக்டர்' நெறிகள் அமைப்புகளைச் சூழல் மாறிகளில் வைக்கச் சொல்கின்றன. அதற்கு ஒரு நல்ல சோதனையும் தருகின்றன: உங்கள் மூலநிரலை இந்த நிமிடமே உலகுக்குத் திறந்துவிட்டால் ஏதாவது ரகசியம் வெளியே போகுமா?

போகும் என்றால், '.என்வ்' கோப்பை இப்போதே, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் '.கிட்இக்னோர்' பட்டியலில் சேருங்கள். வெற்று மதிப்புகளோடு ஒரு மாதிரிக் கோப்பை மட்டும் மற்றவர்களுக்காக வையுங்கள். கோப்பு ஏற்கெனவே கிட்டில் ஏறிவிட்டதென்றால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதிது வாங்குங்கள். கோப்பை அழிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.