புதிய மேலாளரும் பழைய இரசிகரும்

கால்பந்து என்றதும் இருபத்திரண்டு பேர் ஒரு பந்தின் பின்னே ஓடும் காட்சிதான் நம் மனக்கண்முன் தோன்றுகிறது. அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவராக இல்லாத, ஆட்டத்தில் பந்தைக் காலால் தொடாத ஒரு மனிதரைப் பற்றி இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன். அவருடைய வருகையை எண்ணி மகிழ்ந்தும் அஞ்சியும் காத்திருக்கும் பல்லாயிரவரைப் பற்றியும் பேசப் போகிறேன். இங்கிலாந்தில் அந்த மனிதரை மானேஜர் என்பர். நாம் மேலாளர் எனலாம்.

மேலாளரின் வேலை யாது? ஆட வேண்டிய பதினொருவர் யார் என்று முடிவு செய்பவர் அவர். யார் எந்த இடத்தில் நின்று ஆடுவது, தாக்குவதா தடுப்பதா, களைத்தவருக்குப் பதிலாக யாரை எப்போது இறக்குவது என்பவற்றையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். நாள்தோறும் நடக்கும் பயிற்சி அவர் பொறுப்பு. எந்த ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்கலாம், எவரை விற்கலாம் என்பதிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அணி வென்றால் புகழ் பலருக்கும் பங்காகிறது. தோற்றால் பழியில் பெரும்பகுதி அவர் ஒருவர் தலையில் விழுகிறது.

இனி இரசிகரின் நிலையைப் பார்ப்போம். அங்கே ஒருவர் ஒரு கழகத்தின் இரசிகராவது பெரும்பாலும் பிறந்த ஊராலும் தந்தையின் வழியாலும் அமைவது. ஆட்டக்காரர் கழகம் மாறுவர், மேலாளர் மாறுவர், உடைமையாளர்கூட விற்றுவிட்டுப் போவர். இரசிகர் மட்டும் மாறுவதில்லை. மழையிலும் பனியிலும் பணம் கொடுத்து உள்ளே வருபவர் அவர். எனினும் மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் அவருக்கு இருக்கை இல்லை. உரிமை உணர்வு முழுவதும் தம்மிடம், அதிகாரம் முழுவதும் பிறரிடம் என்னும் நிலையில் இருப்பவர், புதியவர் ஒருவர் வருகிறார் என்று கேட்டால் கலங்காமல் வேறென்ன செய்வார்?

அந்தக் கலக்கம் காரணமற்றதும் அன்று. இங்கிலாந்தின் முதன்மை லீக்கில் இருபது கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. பருவத்தின் முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை கீழ்ப்பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். இறங்கினால் வருமானம் குறையும். நல்ல ஆட்டக்காரர் பிரிவர். மீண்டும் ஏறுவதற்குப் பல ஆண்டுகளும் ஆகலாம். ஆகவே ஒரு தவறான நியமனத்தின் விலையை ஓர் ஊரே கொடுக்க நேரிடுகிறது.

இதை விளக்க மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். நம்பிக்கையும் கவலையும் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு பொய்க்கின்றன என்பதை அந்த ஒரே கழகத்தில் இருமுறை தெளிவாகக் காணலாம்.

1878-ஆம் ஆண்டில் இரயில்வேத் தொழிலாளர் தொடங்கிய கழகம் அது. 1902-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. 1945-இல் மாட் பஸ்பி என்பவர் அதன் மேலாளரானார். 1958 பிப்ரவரி 6-ஆம் நாள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நேர்ந்த விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர் உட்பட 23 பேர் உயிர் இழந்தனர். பஸ்பியும் படுகாயமுற்றார். அவர் பிழைத்து வந்து புதியதோர் அணியை அமைத்து, 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்று காட்டினார். அடுத்த ஆண்டு அவர் பதவி விலகியதும் தொல்லை தொடங்கியது. அவர் இடத்துக்கு வந்த வில்ஃப் மக்கின்னஸ் முப்பத்தொரு வயதினர். பஸ்பியோ அதே கழகத்தில் உயர்பதவியில் இருந்தார். மூத்த மரத்தின் நிழலில் இளங்கன்று தழைக்கவில்லை. 1970 முடிவதற்குள் மக்கின்னஸ் நீக்கப்பட்டார். 1974-இல் கழகமே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே மேலேறி வந்ததாயினும், லீக் பட்டம் மட்டும் 1967-க்குப் பின் கைக்கு எட்டவில்லை. 1969 முதல் 1986 வரை ஐந்து மேலாளர் வந்து போயினர்.

1986 நவம்பர் 6-ஆம் நாள் ஆறாமவராக அலெக்ஸ் ஃபெர்குசன் நியமிக்கப்பட்டார். ஸ்காட்லாந்தில் ஆபர்டீன் கழகத்தை நடத்திப் பெயர் பெற்றவர் அவர். கிளாஸ்கோ நகரின் இரு பெருங்கழகங்களைப் பின்தள்ளி மூன்று முறை லீக் பட்டம் வென்றவர். 1983-இல் ஸ்வீடன் நாட்டில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டம் ஒன்றில் ரியல் மாட்ரிட் கழகத்தையே வீழ்த்தியவர். இவை நம்பிக்கைக்குக் காரணங்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் விளைந்த பயிர் இங்கிலாந்து மண்ணிலும் விளையுமா என்னும் கேள்வியும் உடன் எழுந்தது.

முதல் ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அணியிடம் 2–0 என்று தோல்வி. அந்தப் பருவத்தின் முடிவில் பதினோராம் இடம். அடுத்த பருவத்தில் இரண்டாம் இடம். அதற்கடுத்ததில் மீண்டும் பதினோராம் இடம். ஏறியது இறங்கியதும் மனம் தளர்ந்தது. 1989 செப்டம்பரில் ஒரே ஊரைச் சேர்ந்த மான்செஸ்டர் சிட்டி அணி 5–1 என்று வென்றது. அவ்வாண்டு டிசம்பரில், சொந்த மைதானத்திலேயே ஒரு துணிப்பதாகை உயர்ந்தது. மூன்று ஆண்டுகளாகச் சாக்குப்போக்குக் கேட்டது போதும், விடைபெற்றுச் செல்லுங்கள் என்பது அதன் கருத்து.

மாணவ நண்பர்களே, அந்தப் பதாகையைப் பிடித்தவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகள் பணமும் பொழுதும் செலவிட்டுக் கண்ணால் கண்டதை அவர் எழுதினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மதிப்பெண் பட்டியல் ஒன்றே. தெரியாமல் நடந்துகொண்டிருந்த வேலைகளும் இருந்தன. ஃபெர்குசன் ஆட்டக்காரரின் குடிப்பழக்கத்தைக் கண்டித்தார்; புகழ் பெற்றவர் சிலரை விற்றார்; ஊர்தோறும் பள்ளிச் சிறுவரைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாட்டை விரிவாக்கினார். 1992-இல் இளைஞர் கோப்பையை வென்ற அணியில் ரயன் கிக்ஸ், டேவிட் பெக்கம், கேரி நெவில், நிக்கி பட் ஆகியோர் இருந்தனர். பதாகை உயர்ந்த நாளில் இவர்கள் மீசை அரும்பாத சிறுவர்!

1990 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்றில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியை அதன் ஊரிலேயே ஒரே ஒரு கோலால் யுனைடெட் வென்றது. அவ்வாண்டு மே மாதத்தில் கோப்பையே கைக்கு வந்தது. 1993-இல், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், லீக் பட்டம் திரும்பியது. 1999-இல் ஒரே பருவத்தில் மூன்று பெருங்கோப்பைகள் கிட்டின. 2013-இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசன் வென்றிருந்த லீக் பட்டங்கள் பதின்மூன்று.

இனி இரண்டாவது காட்சி. 2013 மே மாதத்தில் தம் மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தின் முடிவில், புதிய மேலாளருக்குத் துணை நில்லுங்கள் என்று ஃபெர்குசன் இரசிகரை வேண்டிக்கொண்டார். புதியவர் டேவிட் மோயெஸ். அவரும் கிளாஸ்கோவைச் சேர்ந்தவர். எவர்ட்டன் கழகத்தைப் பதினோர் ஆண்டுகள் நிதானமாக நடத்தியவர். ஆறு ஆண்டு ஒப்பந்தம் தரப்பட்டது. "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்னும் பொருளுடைய பதாகை மைதானத்தில் தொங்கியது. எவர்ட்டனில் பெருங்கோப்பை ஒன்றும் அவர் வென்றதில்லை என்பதைக் கவலையோடு எண்ணியவரும் உண்டு; ஆயினும் ஃபெர்குசனின் சொல்லே பலருக்கு உறுதியளித்தது.

நடந்தது என்ன? சொந்த மைதானத்திலேயே தோல்விகள் அடுக்கடுக்காக வந்தன. 1992-க்குப் பின் அங்கே வென்றறியாத எவர்ட்டனும், 1972-க்குப் பின் வென்றறியாத நியூகாசிலும் டிசம்பர் மாதத்தில் மூன்று நாள் இடைவெளியில் வென்று சென்றன. லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும் மார்ச் மாதத்தில் தலா 3–0 என்று வென்றன. அம்மாத இறுதியில், மோயெஸ் வெளியேற வேண்டும் என்னும் வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு விமானம் மைதானத்தின் மேல் பறந்தது. கீழே இருந்தவருள் பலர் அந்த விமானத்தை நோக்கியே எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 2014 ஏப்ரல் 22-ஆம் நாள் மோயெஸ் நீக்கப்பட்டார். முந்திய ஆண்டின் வெற்றியாளராக இருந்த அணி ஏழாம் இடத்தில் முடித்தது.

வெறுக்கப்பட்டவர் வென்றார், வரவேற்கப்பட்டவர் வீழ்ந்தார். பொறுமை இருந்தது, பலன் கிடைத்தது; பொறுமை இல்லை, பலன் இல்லை என்று இதற்கு எளிய விளக்கம் தந்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. ஃபெர்குசன் வந்தபோது 22 கழகங்களில் யுனைடெட் இருபத்தோராம் இடத்தில் கிடந்தது. எழுவதற்கே இடம் இருந்தது. மோயெஸ் வந்தபோது அது முதலிடத்தில் நின்றது. இறங்குவதற்கே இடம் இருந்தது. முன்னவர் காலத்து வீரர் பலருக்கு வயது ஏறியிருந்தது. ஃபெர்குசனோடு தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகியதால், ஆட்டக்காரரை வாங்கும் பேச்சுவார்த்தையும் புதியவர் கைக்குப் போயிற்று. அந்தக் கோடையில் பெருவிலை கொடுத்து வாங்கப்பட்டவர் ஃபெலைனி ஒருவரே. அதுவும் காலக்கெடுவின் கடைசி நாளில். நிலத்தையும் ஏரையும் பாராமல் உழவனை மட்டும் பழிப்பது முறையாகுமா?

பொறுமையே எல்லாம் என்பதற்கு மாறான சான்று வேறொரு கழகத்தில் கிடைக்கிறது. 2015-இல் லெஸ்டர் கழகம் கிளாடியோ ரனியெரியை நியமித்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் சின்னஞ்சிறு ஃபாரோ தீவுகளிடம் தோற்று, கிரேக்க நாட்டு அணியின் பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டிருந்தார். இவரா நம் மேலாளர் என்று திகைத்தவர் பலர். 2016 மே மாதத்தில் லெஸ்டர் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் மறு பருவத்தில் அணி தளர்ந்ததும், 2017 பிப்ரவரியில் அதே ரனியெரி நீக்கப்பட்டார்.

இவற்றிலிருந்து நான் உணர்வது இதுதான். புதிய மேலாளரைப் பற்றி முதல் நாளில் இரசிகர் கொள்ளும் நம்பிக்கையும் கவலையும் வருபவரைப் பற்றியவை அல்ல, போனவரைப் பற்றியவை. ஐவர் வந்து போன ஏமாற்றத்தின் கணக்கில் ஃபெர்குசன் எடையிடப்பட்டார். இருபத்தாறு ஆண்டுப் பெருமையின் கணக்கில் மோயெஸ் எடையிடப்பட்டார். இருவருக்கும் முதல் நாளில் வைக்கப்பட்ட தராசு அவர்களுடையது அன்று.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, அவர் கைக்கு வந்த அணி எந்த நிலையில் இருந்தது? இரண்டாவது, வேலை செய்வதற்கு வேண்டிய ஆள், பொருள், காலம் ஆகியவை அவருக்குத் தரப்பட்டனவா? மூன்றாவது, வெற்றி தோல்விக்கு அப்பால் ஏதேனும் மாறுகிறதா? இளைஞர் முன்னேறுகின்றனரா, தோற்கும் ஆட்டத்திலும் ஓர் ஒழுங்கு தெரிகிறதா? மூன்றுக்கும் விடை கண்டபின் இவர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதைப் பதற்றம் என்று எவரும் தள்ளிவிட இயலாது. எல்லாத் தோல்விக்குள்ளும் ஓர் எதிர்கால வெற்றி ஒளிந்திருப்பதில்லை, வெறுந்தோல்விகளும் உண்டு.

மோயெஸுக்குப் பின் வான் ஹால், மொரின்யோ, சோல்ஸ்கியர், டென் ஹாக் என்று பலர் வந்தனர். கோப்பைகள் சில கிடைத்தன. ஆனால் 2013-க்குப் பின் 2025 வரை முடிந்த பன்னிரண்டு பருவங்களில் லீக் பட்டம் ஒருமுறையும் கிட்டவில்லை. ஒவ்வொரு நியமனத்தின்போதும் அதே மகிழ்ச்சி எழுந்தது. அதே அச்சமும் எழுந்தது. அவற்றைக் குறை கூற வேண்டியதில்லை. ஓர் அணியை நேசிப்பவருக்கு அவை இல்லாமல் இரா.

நாளை உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ புதிய தலைவர் ஒருவர் வரலாம். நீங்களே ஒருவர் விட்டுச்சென்ற நாற்காலியில் அமரவும் நேரலாம். அப்போது முன்னிருந்தவரின் நிழலைக் கொண்டு வந்தவரின் உயரத்தை அளக்காதீர்கள். அவர் கைக்கு என்ன தரப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அதன் பிறகு, அவர் அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்று கண் திறந்து பாருங்கள்.