ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு மசகிடுதல்

ஹேண்ட் பிரேக் கேபிள் என்பது ஓட்டுநர் இழுக்கும் லீவரைப் பின்சக்கர பிரேக்குகளுடன் இணைக்கும் எஃகு வடமாகும். இது உறைக்குள் தடையின்றி நகராவிட்டால், நிறுத்திய வண்டி சரிவில் உருளலாம். அல்லது லீவரை விட்ட பின்னும் பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். தொடக்கநிலை இறுக்கத்தை மசகெண்ணெய் இட்டுப் போக்கலாம்.

அமைப்பு

இது பௌடன் கேபிள் வகையைச் சேர்ந்தது. எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வளையக்கூடிய வெளியுறைக்குள் முறுக்குக் கம்பி முன்னும் பின்னும் நகரும். சைக்கிள் பிரேக்கிலும் இதே அமைப்பே உள்ளது. உறை முனையிலுள்ள ரப்பர் மூடி கிழிந்தால் மழைநீரும் சேறும் புகுந்து கம்பி துருப்பிடிக்கும்.

அறிகுறிகள்

லீவர் கனமாக இருத்தல், வண்டி இழுவையாக ஓடுதல், ஒரு பின்சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டதால் பிரேக் விட்டுவிட்டது எனக் கொள்ளக்கூடாது. பல கார்களில் அவ்விளக்கின் சுவிட்ச் லீவரின் அடியிலேயே உள்ளது. அது லீவரின் நிலையை மட்டுமே காட்டும். சக்கரத்தின் நிலையைக் காட்டாது.

செய்முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கியபின் வண்டியை ஹேண்ட் பிரேக் நிறுத்தாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாமல், தாங்கிகள் வைப்பது அவசியம்.

2. சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி, கேபிளின் இரு முனைகளையும் கழற்ற வேண்டும். கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்கலாம். அது எளிதாக நகர்ந்தால், குறை கேபிளில் இல்லை; டிரம்முக்குள் உள்ள பாகங்களில் இருக்கலாம்.

3. ஒரு முனையை உயர்த்திக் கட்டி, உறையின் வாயில் பாலிதீன் பையைப் புனல்போல் சுற்றி, மெல்லிய மசகெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் அசைத்தால் எண்ணெய் கீழிறங்கும். மறுமுனையில் அழுக்கு நீங்கித் தெளிந்த எண்ணெய் வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

4. வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிழிந்த ரப்பர் மூடியை மாற்றிப் பொருத்த வேண்டும். பிரேக் ஷூவில் எண்ணெய் பட்டால் பிடிப்புக் குறைந்துவிடும்.

5. கையேட்டில் உள்ள அளவுப்படி கேபிளை முறுக்கி, லீவரை விட்டதும் இரு பின்சக்கரங்களும் தடையின்றிச் சுழல்கின்றனவா எனச் சோதிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

துரு தளர்த்தும் திரவம் நெடுநாள் மசகாக நிலைக்காது. உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுள்ள கேபிள்களுக்குக் கையேடு அனுமதிக்கும் மசகை மட்டுமே இட வேண்டும். கம்பியின் இழை ஒன்று அறுந்திருந்தாலோ, உறை நசுங்கியோ வெடித்தோ இருந்தாலோ மசகிடுவதால் பயனில்லை. கேபிளையே மாற்ற வேண்டும். எண்ணெயிட்ட சில நாட்களில் மீண்டும் இறுகினாலும் அதுவே தீர்வு.