மோட்டார் வண்டியின் மின்னமைப்பும் மீளழைப்பும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினையே கருத்திற் கொள்வர். எஞ்சினை மனித உடலின் இதயத்துக்கு ஒப்பிடுதல் வழக்கம். அவ்வுவமை பொருந்துமாயின், வண்டி முழுவதும் ஓடிப் பரந்து கிடக்கும் மின்கம்பிகளை நரம்புகளுக்கு ஒப்பிடுதலும் பொருந்தும். இதயம் பழுதுற்றால் அதன் ஓசையே காட்டிக் கொடுக்கும். நரம்பு பழுதுற்றாலோ, அது எங்கே பழுதுற்றது என்று கண்டறிவதே பெரும் பாடாகிவிடும். மோட்டார் வண்டியின் மின்னமைப்பும் இத்தகையதே.

முற்காலத்து வண்டிகளில் இவ்வமைப்பு மிக எளிமையாக இருந்தது. ஒரு காலத்தில் கொழும்பு வீதிகளில் மிகுதியாகக் காணப்பட்ட மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வோல்ற் பற்றறி ஒன்று, அதற்கு மின்னூட்டும் டைனமோ ஒன்று, விளக்குகள், ஊதுகுழல், எரிபற்றும் சுருள், இவற்றுக்கெல்லாம் காவலாக இரண்டே உருகிகள், அவ்வளவுதான். பற்றறியிலிருந்து விளக்குக்குச் செல்ல ஒரு கம்பி போதும். மின்னோட்டம் திரும்பி வரும் வழியாக வண்டியின் இரும்புடலே பயன்பட்டது. எனவே, விளக்கு மங்கினால் அனுபவமுள்ள திருத்துநர் முதலிற் பார்ப்பது விளக்கையன்று; அது வண்டியின் உடலோடு பொருந்தும் இடத்தில் துருப்பிடித்துள்ளதா என்பதையே பார்ப்பார். வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இத்துருவை விரைவுபடுத்தும். அதைச் சுரண்டித் துடைத்து இறுக்கிவிட்டால் விளக்கு மீண்டும் ஒளிரும்.

இக்காலத்து வண்டியின் நிலை வேறு. எஞ்சினையும் தடுப்பையும் திசைதிருப்பியையும் காற்றுப் பைகளையும் வெவ்வேறு சிறு கணினிகள் ஆளுகின்றன. ஹைபிரிட் எனப்படும் கலப்பு வண்டியில் இன்னும் ஒரு படி கூடுதலாகும். மூன்றாந் தலைமுறை டொயோட்டா பிரியஸ் வண்டியின் பெரிய பற்றறி 201.6 வோல்ற் அழுத்தமுடையது. அவ்வழுத்தத்தை 650 வோல்ற் வரையும் உயர்த்தி மோட்டாருக்கு வழங்கும் கருவியொன்றும் அதில் உண்டு. வீட்டு மின்சாரமே 230 வோல்ற் என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வண்டியின் உள்ளே ஓடும் மின்னோட்டத்தை எவ்வளவு மதிப்போடு அணுக வேண்டும் என்பது விளங்கும்.

மின்னமைப்பில் தோன்றும் கோளாறுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வண்டி பாவனைக்கு வந்த பின்னர் தோன்றுவது. இணைப்புகள் தளர்கின்றன, எலிகள் கம்பிகளைக் கடிக்கின்றன, வெள்ளத்தில் அகப்பட்ட வண்டியின் இணைப்புகளில் ஈரம் தங்கிப் பச்சை பூக்கிறது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து, பொரளைக்கு அண்மையிலுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய இடங்களை மூழ்கடித்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் ஈரத்தின் தீங்கு பல மாதங்கள் கழித்தும் வெளிப்படக்கூடும். கூடுதலான விளக்குகளையும் ஒலிபெருக்கிகளையும் பொருத்துவதற்காக உரிய உருகியின்றிக் கம்பியை வெட்டி ஒட்டுவதும், எரிந்துபோன உருகிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் செருகுவதும் நாமே வரவழைத்துக்கொள்ளும் தீங்குகளாம். உருகி எரிவது கோளாறன்று. கோளாறு உண்டென்று அது நமக்குத் தரும் அறிவித்தலே ஆகும்.

இரண்டாவது வகைக் கோளாறு தொழிற்சாலையிலேயே வண்டியுடன் பிறந்தது. வண்டியை எவ்வளவு கவனமாகப் பேணினாலும் இது நீங்காது. ஒரே அமைப்புடைய ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒரே குறை இருக்கும். அத்தகைய குறை உயிருக்கு ஆபத்து விளைப்பதாயின், உற்பத்தியாளர் அதனை வெளிப்படையாக அறிவித்து, வண்டிகளை வரவழைத்துக் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தல் வேண்டும். இதனையே மீளழைப்பு என்கிறோம். அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழிவகுத்தது. யப்பானில் 1969 ஆம் ஆண்டு மீளழைப்பு முறை தோன்றியது.

நமது நாட்டில் ஓடும் வண்டிகளுடன் தொடர்புடைய மூன்று மீளழைப்புகளை இங்கே நோக்குவோம். 2014 ஆம் ஆண்டு பெப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் உலகெங்குமுள்ள ஏறத்தாழ 19 இலட்சம் பிரியஸ் வண்டிகளை மீள அழைத்தது. மேலே குறிப்பிட்ட அழுத்தம் உயர்த்தும் கருவியிலுள்ள திரான்சிஸ்டர்கள், வண்டி பெருஞ்சுமையோடு விரையும்போது அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதுறக்கூடும் என்பதே காரணம். அவ்வாறு பழுதுற்றால் வண்டி வலுக்குறைந்து தற்காப்பு நிலையில் மெல்லச் செல்லும். சில வேளைகளில் முற்றாக நின்றுவிடவும் கூடும். கணினியின் மென்பொருளை மாற்றுவதே அதற்குத் திருத்தமாக அமைந்தது. ஆனால் விடயம் அத்துடன் முடியவில்லை. 2018 ஆம் ஆண்டு ஒக்டோபரில், முன்னைய மீளழைப்புகளுக்கு உட்பட்ட வண்டிகளையும் சேர்த்து ஏறத்தாழ 24 இலட்சம் வண்டிகளை அந்நிறுவனம் மீண்டும் அழைத்தது. தற்காப்பு நிலைக்குச் செல்ல வேண்டிய வண்டி, சில அரிய சந்தர்ப்பங்களில் அந்நிலைக்குச் செல்லாமலே வலுவிழந்து நின்றுவிடலாம் என்று கண்டறிந்ததே இதற்குக் காரணம்.

அதற்கு ஒரு மாதம் முன்னர், செப்டெம்பர் 2018 இல், 2015 ஜூன் முதல் 2018 மே வரை செய்யப்பட்ட ஏறத்தாழ 10 இலட்சம் ஹைபிரிட் வண்டிகளையும் அதே நிறுவனம் அழைத்தது. எஞ்சின் அறையிலுள்ள கம்பிக் கோவையொன்று அதன் மூடியுடன் உராய்ந்து, காப்புறை தேய்ந்து, குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும் என்பது அப்போது கூறப்பட்ட குறை. கண்ணுக்குத் தெரியாத சிறு தூசும் ஓயாத அதிர்வும் சேர்ந்து செய்யும் வேலை இது.

மூன்றாவது, ஹொண்டா நிறுவனத்தைப் பற்றியது. 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரில் யப்பானில் வெளிவந்த புதிய பிட் ஹைபிரிட் வண்டி, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தினுள் ஐந்து முறை மீள அழைக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் நிகழ்ந்த ஐந்தாவது மீளழைப்பு, எரிபற்றும் சுருளிலும் மின்வழங்கற் சுற்றிலும் இருந்த குறைகளுக்காக, பிட், வெசல் முதலிய ஏறத்தாழ 4 இலட்சத்து 25 ஆயிரம் வண்டிகளைத் தழுவியது. அந்நிறுவனத்தின் அன்றைய தலைவர் தகனோபு இட்டோவும் ஏனைய உயர் அலுவலர்களும் பொறுப்பேற்கும் முகமாகத் தங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கைவிட்டனர்.

குறையை ஒப்புக்கொள்வது ஒன்று; அதனைத் திருத்துவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் காலத்திலேதான் ஆபத்து உறைகிறது. இத்தாமதம் மூன்று இடங்களில் நேர்கிறது.

முதலாவது தாமதம் உற்பத்தியாளரிடத்தே நிகழ்வது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் செய்த சில சிறு வண்டிகளில், சாவி திருப்பும் ஆளி தளர்ந்து, ஓடும்போதே தன் நிலையிலிருந்து நழுவியது. நழுவியவுடன் எஞ்சின் நின்றது. திசைதிருப்புதற்கு உதவும் வலு அற்றது. காற்றுப் பைகளும் விரியாது போயின. இக்குறை அந்நிறுவனத்தினுள்ளே சிலருக்குப் பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தும், மீளழைப்பு 2014 ஆம் ஆண்டிலேயே வந்தது. அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இதனோடு தொடர்புடையனவாக ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது தாமதம் உதிரிப் பாகங்களைப் பற்றியது. பல இலட்சம் வண்டிகளுக்கு வேண்டிய பாகத்தை ஒரே நாளிற் செய்துவிட இயலாது. மேற்கூறிய ஆளிகள் வந்து சேரும்வரை, சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டுத் தனிச் சாவியைக் கொண்டே வண்டியைச் செலுத்துமாறு உரிமையாளருக்கு அறிவுரை கூறப்பட்டது. கொத்தின் பாரம் ஆளியை இழுத்து நழுவச் செய்யக்கூடும் என்பதே காரணம். சிறு அறிவுரைதான், ஆயினும் காத்திருக்கும் காலத்தில் அது உயிர் காக்கும் அறிவுரையாகும். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப் பைகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் மீள அழைக்கப்பட்டபோது, உரிமையாளர் பலர் மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் அப்பைகளின் வெடிமருந்து விரைவிற் கெடும் என்று தெரிந்தமையால், அமெரிக்காவில் அத்தகைய மாநிலங்களுக்கே முன்னுரிமை கொடுக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நீங்காத கொழும்பு நகரவாசிகள் இதனைக் கவனித்தல் நன்று.

மூன்றாவது தாமதமே நமக்கு மிக நெருக்கமானது. அது முகவரி இல்லாமையால் நேர்வது. யப்பானில் ஒருவர் ஒரு வண்டியைப் புதிதாக வாங்குகிறார், சில காலம் ஓட்டுகிறார், விற்கிறார். அவ்வண்டி ஏலத்தில் எடுக்கப்பட்டு, ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்டு, கப்பலேறி இலங்கைக்கு வருகிறது. இறக்குமதியாளர் ஒருவரிடமிருந்து அதனை வாங்கிய பொரளைவாசி, நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவு செய்கிறார். பின்னர் அவ்வண்டிக்கு மீளழைப்பு வருமானால், உற்பத்தியாளரின் கடிதம் யாருக்குச் செல்லும்? யப்பானியப் பதிவேட்டில் அவ்வண்டிக்கு இப்போது உரிமையாளரே இல்லை. பொரளைவாசியின் பெயரோ உற்பத்தியாளருக்குத் தெரியாது. உள்நாட்டு முகவர் தாம் விற்ற வண்டிகளின் உரிமையாளரை அறிவார். பிறர் இறக்குமதி செய்த பழைய வண்டியின் உரிமையாளரை அறியார். எழுதியவர் எழுதுகிறார், பெற வேண்டியவர் பெறுவதில்லை.

அவ்வுரிமையாளரின் வண்டி, வார்ட் பிளேஸும் மருதானை வீதியும் கொட்டா வீதியும் வந்து கூடும் பொரளைச் சந்தியிற் காலை வேளையில் திடீரென நின்றுவிட்டால், அவர் அதனைப் பற்றறியின் கோளாறு என்றே எண்ணுவார். திருத்துநர் ஒருவரை அழைப்பார். பஞ்சிகாவத்தையில் பழைய பாகமொன்றை விலைக்கு வாங்கிப் பொருத்துவார். அப்பாகம் அதே குறையுடைய வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டதாகவும் இருக்கலாம். இலவசமாகப் பெறவேண்டிய திருத்தத்துக்குப் பணமும் செலவாகிறது, குறையும் நீங்குவதில்லை. குழந்தைகள் வைத்தியசாலைக்கு விரையும் வண்டிகள் நெரியும் அவ்விடத்தில், ஒரு வண்டி நின்றால் இடருறுவோர் ஒருவரல்லர்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் மோட்டார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. கைமாறுந்தோறும் வண்டியின் வரலாறும் மங்கியது. ஆகவே, பழைய மீளழைப்பு என்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது.

உரிமையாளர் செய்யத்தக்கன சில உள. முதலாவதாக, பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்டக இலக்கத்தை, அதாவது செசி நம்பரை, எழுதி வைத்துக்கொள்ளுக. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் இவ்விலக்கம் ஏனைய நாடுகளின் பதினேழு எழுத்து முறையில் அமையாது, வண்டி வகைக் குறியும் ஒரு தொடரிலக்கமுமாக அமையும். யப்பானிய உற்பத்தியாளர் இணையத்தில் வைத்துள்ள மீளழைப்புத் தேடற் பக்கங்களில் இவ்விலக்கத்தைக் கொடுத்து, வண்டி மீளழைப்புக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம். மொழி யப்பானியமாயினும், கொடுக்க வேண்டியவை ஆங்கில எழுத்தும் எண்ணுமே. இரண்டாவதாக, உட்பட்டதெனத் தெரிந்தால், மீளழைப்பின் விவரத்தைக் குறிப்பிட்டு உள்நாட்டு முகவருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்திலேயே பெறுக. மூன்றாவதாக, திருத்தம் கிடைக்கும்வரை எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியை நெடும்பயணத்துக்குக் கொண்டு செல்லாதிருத்தலும், செம்மஞ்சள் நிற உறையிட்ட உயரழுத்தக் கம்பிகளைப் பயிற்சியில்லாதார் தொடவிடாதிருத்தலும் வேண்டும். வண்டியை விற்கும்போது, திருத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்பதை வாங்குபவருக்குச் சொல்லுதல் நேர்மையுடையார் கடன்.

எனினும் முழுப் பாரத்தையும் தனிமனிதர் தலையில் ஏற்றுவது முறையன்று. யப்பானில் 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், தகாட்டாவின் ஆபத்து மிகுந்த காற்றுப் பைகளை மாற்றாத வண்டிகள் கட்டாயப் பரிசோதனையிற் சித்தியடைய இயலாதென விதிக்கப்பட்டது. கடிதத்தைக் கண்டும் காணாதிருந்தவர்களையும் அவ்விதி பட்டறைக்கு அழைத்து வந்தது. நம் நாட்டிலும் ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்டக இலக்கமும் இன்றைய உரிமையாளரின் பெயரும் முகவரியும் திணைக்களத்தின் பதிவேட்டில் உள்ளன. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை முடித்தே வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறோம். உற்பத்தியாளர் வெளியிடும் மீளழைப்புப் பட்டியலை அப்பதிவேட்டோடு ஒப்புநோக்கி, உரியவருக்கு அவ்வேளையில் ஓர் அறிவித்தல் கொடுப்பது புதிய நிலையமொன்றை நிறுவுவது போன்ற பெருஞ்செயலன்று. குறையுள்ள வண்டியின் இலக்கம் ஓரிடத்தில் இருக்கிறது. அதன் உரிமையாளரின் முகவரி மற்றோரிடத்தில் இருக்கிறது. அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் பணி நிறைவேறும்வரை, தத்தம் வண்டியின் இலக்கத்தைத் தாமே எடுத்துத் தேடிப் பார்ப்பது ஒவ்வோர் உரிமையாளருக்கும் உரிய கடமையாகும்.