எதிர்ப்புச் சக்தி கூடினால் நல்லதா?

இங்கிலாந்தின் சட்டனில் எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியோடு இந்தக் கேள்வியும் வரும்: “எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?” கூடினால் நல்லது என்ற முடிவோடுதான் கேட்பார்கள். நான் மிங்க்கின் கதையைச் சொல்வேன்.

மிங்க் நீர்நாய்க்கு உறவு. உரோமத்துக்காகப் பண்ணையில் வளர்ப்பார்கள். 1940களில் அமெரிக்கப் பண்ணையில் நீலச் சாம்பல் நிறக் குட்டிகள் பிறந்தன. ‘அலூஷியன்’ என்று பெயரிட்டுப் பெருக்கினார்கள். 1956இல் அவற்றை மெலியவைத்துக் கொல்லும் ஒரு நோய் பதிவானது. காரணம் ஒரு பார்வோவைரஸ். மற்ற நிற மிங்க்குகளையும் அது விடவில்லை.

வைரஸ் புகுந்ததும் உடம்பு எதிர்ப்புரதம் செய்யும். அது வைரஸைப் பிடித்து முடக்கும். நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான். வளர்ந்த மிங்க்கில் எதிர்ப்புரதம் பிடிக்கிறது, ஆனால் முடக்குவதில்லை. கிருமிகளை விழுங்கும் வெள்ளணு, எதிர்ப்புரதம் ஒட்டியிருக்கிறதே என்று நம்பி வைரஸை உள்ளே இழுக்கிறது. வைரஸுக்குக் குடியிருக்க இடம் கிடைக்கிறது. உடம்போ இன்னும் இன்னும் எதிர்ப்புரதத்தைச் செய்து தள்ளுகிறது. வைரஸும் எதிர்ப்புரதமும் சேர்ந்த கட்டிகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய்ப் படிகின்றன. தூள் அடைத்த தேயிலை வடியில் தண்ணீர் இறங்குமா? சிறுநீரகம் கெட்டுத்தான் விலங்கு சாகிறது. வைரஸ் தானாகச் செய்யும் சேதம் குறைவு.

பண்ணைக்காரர் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். மிங்க்கின் நகத்தை வெட்டி எடுத்த இரத்தத்தின் தெளிநீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அயோடின் ஒரு துளி கலப்பார்கள். பழுப்பாகத் திரண்டால் எதிர்ப்புரதம் அளவு மீறிவிட்டது. அந்த மிங்க்கை ஒதுக்கிவிடுவார்கள். செத்த வைரஸில் தடுப்பூசி செய்து போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவற்றுக்கு நோய் இன்னும் முற்றியது. பிறகு வைரஸ் ஏறினபோது எதிர்ப்புரதம் முன்கூட்டியே தயாராக இருந்ததுதான் வினை.

இதில் எனக்குப் பிடித்த இடம் குட்டிகள். பிறந்த குட்டியில் வைரஸ் நுரையீரலைத் தாக்கும், சில நாளில் நிமோனியா, சாவு. அதே குட்டிக்கு வெளியிலிருந்து எதிர்ப்புரதம் கொடுத்தால் நிமோனியா அடங்குகிறது. வளர்ந்த மிங்க்குக்கு நஞ்சான அதே சாமான்! ஆனால் பிழைத்த குட்டிக்குப் பிறகு அந்த மெதுவான நோய் வருகிறது.

இங்கிலாந்தில் உரோமப் பண்ணைகள் 2003இல் சட்டப்படி முடிந்தன. முன்பே தப்பியவற்றின் வாரிசுகள் ஆற்றோரங்களில் பெருகிவிட்டன. தென் இங்கிலாந்தில் பிடித்த பலவற்றின் இரத்தத்திலும் இதே எதிர்ப்புரதம் இருந்தது. அவற்றுக்குப் போட இன்றும் ஊசி இல்லை.